சந்தைக்கு வழி காட்டுங்கள்

மக்கமாநகரைத் துறந்து மதீனா வந்தடைந்த முஹாஜிர்களுள் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். மக்காவில் செல்வாக்குடன் வாணிபம் புரிந்தவர், மதீனாவிலோ வெறுங்கையர். வந்தோரையும் இருந்தோரையும் இருவர் இருவராகச் சகோதரப் பிணைப்பில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கோத்தபோது, இவருக்கு வாய்த்த அன்சாரிச் சகோதரர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். மதீனாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான ஸஅத் அவர்கள், தம் உடைமையைச் சரிபாதியாகப் பிரித்துத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அதை ஏற்கவில்லை. கொடுக்க வந்தவரை மனமார வாழ்த்திவிட்டு, இவ்வூரில் சந்தை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். கைனுகா கூட்டத்தாரின் சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்றே அவர் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் இலாபமாக ஈட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்த வரலாற்றை மிம்பர்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஅத் (ரலி) அவர்களின் கொடையுள்ளத்தை வியக்கிறோம். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் தன்மானத்தைப் போற்றுகிறோம். இரண்டிற்கும் நடுவே நிற்கும் மூன்றாவது செய்தியை மட்டும் விரைந்து கடந்து விடுகிறோம். அவர் கேட்டது பொருள் அன்று, வழி. ஊருக்குப் புதியவன் சந்தையை நெருங்குவதற்கு அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் துணை வேண்டும். எவரிடம் கொள்முதல் செய்வது, எவரை நம்புவது, எந்த நாணயம் செல்லும், எந்த அளவை முறை வழக்கிலுள்ளது என்பன எல்லாம் உள்ளூரானுக்குக் கைவந்தவை, வந்தவனுக்கோ இருட்டு. அந்த இருட்டை அகற்றுவது பாதிச் சொத்தைப் பகிர்வதைவிட எளிது. அந்த எளியதையே இன்று நாம் செய்யாதிருக்கிறோம் என்பதுதான் இக்கட்டுரை கூற விழைவது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது சென்னீர்குப்பம். ஒரு பக்கம் அம்பத்தூர், ஆவடித் தொழிற்பகுதிகள். மறுபக்கம் திருமழிசைத் தொழிற்பேட்டையும், அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையும். இடைப்பட்ட இந்நிலப்பரப்பில் கிடங்குகளும் சிறு பட்டறைகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் பெருகியுள்ளன. பீஹார், வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்டு, அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள், ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் எனத் தங்கி இங்கெல்லாம் உழைக்கின்றனர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவின்போது இவ்வட்டாரப் பள்ளிவாசல்களின் பின் ஸஃப்புகளில் அவர்களைக் காணலாம். தொழுகை முடிந்ததும் ஓசையின்றி எழுந்து போய்விடுகிறார்கள். குத்பாவுக்கு முந்திய தமிழ் உரை அவர்களுக்கு விளங்குவதில்லை. நாமும் அவர்களோடு பேசுவதில்லை. ஸலாம் ஒன்றே இரு தரப்புக்கும் பொதுமொழியாக இருக்கிறது. அந்த ஸலாத்திற்குப் பிறகு எந்த உரையாடலும் தொடங்குவதில்லை.

இவர்களுள் பலர் சென்னைக்கு வண்டி ஏறும்போதே கடனாளிகளாக ஏறுகின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஊரில் மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். தங்கையின் திருமணத்திற்கோ, தந்தையின் மருத்துவத்திற்கோ அது செலவாகி விடுகிறது. பின்னர் வேலை செய்து கழிக்க வேண்டும். கூலி எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது. வேலை பிடிக்கவில்லை என்றாலும், அடுத்த தெருவில் கூடுதல் கூலி கிடைக்கும் என்றாலும், அவர் நகர முடியாது. ஒருவகையில் அவர் வேலை தேடுபவரே அல்லர். கடனை அடைப்பதற்காக அனுப்பி வைக்கப்பட்டவர். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், தொழிலாளியின் கையில் கணக்குப் புத்தகம் தர வேண்டும், இடப்பெயர்ச்சிப் படி அளிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்தது. 2020-இல் அச்சட்டம் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் சேர்க்கப்பட்டது. சட்டங்கள் இருந்தன, இருக்கின்றன. கணக்குப் புத்தகம் மட்டும் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தபாடில்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகரா அத்தியாயத்தில், கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் 282-ஆவது வசனமே அது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பெற்றவரே. அவருக்கு ஆற்றல் இல்லையெனில் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். தொகை சிறிதென்று சோம்பியிருக்கலாகாது என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. கடன் கொடுத்தவனின் நோட்டுப் புத்தகத்தையே ஆவணமாகக் கொள்ளும் இன்றைய வழக்கம் இந்த ஏற்பாட்டுக்கு நேர்மாறானது. எழுத்தறியாத தொழிலாளியின் பொறுப்பாளராக நின்று கணக்கைச் சொல்லும் இடம் இங்கு யாருடையது? இவ்வினாவை ஜமாஅத்தார் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்பணக் கடன் போக, இங்கு வந்தபின் ஏற்படும் கடன் இன்னொன்று. முதல் மாதக் கூலி கைக்கு வருமுன் அறைக்கு முன்பணம், அடுப்பு, அரிசி, பாய் எல்லாம் வேண்டும். வங்கி தராது, தெரிந்தவர் எவருமில்லை. தண்டல்காரர் தருகிறார். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்கிவிடுவது தண்டலின் வழக்கமான ஏற்பாடு. 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதைக் கருதிக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டி நிற்கும். தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குற்றமாக்கியது. ஒரு சட்டமே பெயர் சொல்லி ஐந்து வகை வட்டிகளைத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், வட்டியின் வேர் நம் மண்ணில் எவ்வளவு ஆழம் ஓடியிருந்திருக்க வேண்டும்! இப்பொழுது கைபேசி வழியாகக் கடன் தரும் செயலிகளும் சேர்ந்துகொண்டன. ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது. தவணை தவறினால், கைபேசியில் உள்ள உறவினர் அனைவருக்கும் இழிமொழிச் செய்தி போகிறது. இத்தகைய கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் கட்டுப்பாடுகளை விதித்தது. கடன் நேரடியாகக் கடன் பெறுபவரின் கணக்கிற்கே வர வேண்டும், மொத்தச் செலவை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. ஒப்புதல் பெறாத செயலிகளோ எக்கட்டுப்பாட்டையும் மதிப்பதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடன் சுமையிலிருந்து இறைவனிடம் அடிக்கடி பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இத்துணை மிகுதியாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மாறவும் நேர்கிறது என்னும் கருத்தில் விடையளித்தார்கள். கடன் ஒருவனின் பையை மட்டும் காலியாக்குவதில்லை, அவனது சொல்லையும் கெடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலுமா? தண்டல்காரரைக் கண்டு அறைக்குள் ஒளியும் இளைஞன், தான் இல்லை என்று சொல்லுமாறு நண்பனிடம் கெஞ்சும்போது, அங்கே இரண்டு பேரின் சொல் கெடுகிறது.

இனி வங்கியைப் பற்றிக் கூறுவோம். புதிதாக வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு ஊரில் ஏதேனும் ஒரு கணக்கு இருக்கவே செய்கிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் திறக்கப்பட்ட கணக்குகள் அவை. இருப்பு எதுவும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் அவர் தரப்பில் எவ்விதப் பரிமாற்றமும் இல்லையெனில் கணக்கு செயலற்றதாகி விடுகிறது. கணக்குடன் இணைந்த கைபேசி எண் தொலைந்திருந்தால் இரகசிய எண் வருவதில்லை. ஆதாரில் இருப்பதோ ஊர் முகவரி. இங்குள்ள கிளைக்குச் சென்றால் உள்ளூர் முகவரிச் சான்று கேட்பார்கள் என்ற அச்சத்தால் பலர் வாசற்படியே மிதிப்பதில்லை. ஆதார் மூலம் அடையாளம் காட்டும் ஒருவர், தாம் இப்போது குடியிருக்கும் முகவரி வேறாக இருப்பின், அதைத் தாமே எழுத்தில் அறிவிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இடமளிக்கிறது. ஊரிலுள்ள கணக்கை அதே வங்கியின் இங்குள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வங்கி அலுவலரோடு மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒருவர் கூடவே சென்றால், அரை நாளில் முடியும் காரியம் இது. கூடச் செல்ல ஆளில்லாமையால் அது அரை ஆண்டாகியும் முடிவதில்லை. கூலியை மேஸ்திரியின் கணக்கிற்கே போடச் சொல்கிறார்கள். சிலர் தம் ஏ.டி.எம். அட்டையையும் அவரிடமே ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள்.

வங்கியில் வட்டி இருக்கிறதே, முஸ்லிம் தொழிலாளி அங்கே கணக்கு வைக்கலாமா என்று கேட்கும் பேணுதல் மிக்க உள்ளங்களும் உண்டு. அந்தப் பேணுதலை நாம் எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. வட்டி ஹராம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பணத்தைப் பாதுகாப்பதும், ஊருக்கு அனுப்புவதும், கூலியைச் சான்றோடு பெறுவதும் வேறு. வட்டியை உண்பது வேறு. கணக்கில் சேரும் வட்டித்தொகையை எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு நம் நாட்டு உலமாக்கள் பலர் வழிகாட்டியுள்ளனர். ஐயமிருப்பின் தம் மஹல்லா இமாமைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். வட்டிக்கு அஞ்சி வங்கியை விட்டு விலகியவர், கடைசியில் தண்டல்காரரின் வாசலில் போய் நிற்பாரானால், அது எந்தப் பேணுதலில் சேரும்? சிறு வட்டியை வாங்காதிருக்க முயன்று பெருவட்டியைக் கொடுக்கும் நிலை அது.

வட்டியில்லா வங்கி முறையை இந்நாட்டிலும் அனுமதிக்கலாம் என்று 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்ததாக அறிவித்தது. ஆகவே வங்கி வாசலில் காத்திருந்து பயனில்லை. 1961-இல் தேவ்பந்தில் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்டு போன்ற அமைப்புகள், நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாமல் சிறுகடன் வழங்கும் வழக்கத்தை வடநாட்டில் நெடுங்காலம் நடத்திக் காட்டியுள்ளன. நம் பகுதியிலும் பைத்துல்மால்கள் உண்டு; ஆயினும் அவற்றின் கதவு பெரும்பாலும் அவ்வூர்ச் சந்தாதாரருக்கே திறக்கிறது. நேற்று வந்தவர் யாருடைய சந்தாப் புத்தகத்திலும் இல்லை.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. அவர் ஏழை என்பதைவிட, அறியப்படாதவர் என்பதே அவரது பெருங்குறை. 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிபில் முதலிய நிறுவனங்கள் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுத்து மதிப்பெண் இடுகின்றன. இதுவரை எந்த வங்கியிலும் கடன் வாங்காதவருக்கு அங்கே மதிப்பெண்ணே இல்லை. நாணயமாக வாழ்ந்த ஒருவர், வாழ்ந்ததற்கான ஏடு இல்லாமையால் அந்நியராகி விடுகிறார்.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று சாட்சி கூற முன்வந்தபோது, கலீஃபா அவரைச் சில கேள்விகள் கேட்டார்கள். நீர் அவருடைய அண்டை வீட்டுக்காரரா? அவரோடு பயணம் செய்திருக்கிறீரா? பொற்காசு வெள்ளிக்காசில் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா? எல்லாவற்றிற்கும் இல்லை என்ற விடை வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதை மட்டும் கண்டிருக்கிறீர் போலும், அவரை நீர் அறியமாட்டீர் என்னும் பொருள்பட உமர் (ரலி) அவர்கள் கூறி அனுப்பிவிட்டார்கள். நமக்கும் வடநாட்டுச் சகோதரருக்கும் இடையிலுள்ள உறவு அவ்வளவில்தான் நின்றிருக்கிறது. அவர் குனிந்து நிமிர்வதை மட்டுமே கண்டிருக்கிறோம். ஆனால் கலீஃபா கேட்ட வினாக்களுக்கு விடை தரக்கூடியவர்கள் அதே பள்ளிவாசலில் இருக்கிறார்களே! அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர், அரிசி கொடுக்கும் மளிகைக்கடைக்காரர், அவரோடு ஒரே பட்டறையில் பணியாற்றும் ஆவடி அன்பர் ஆகியோரெல்லாம் அவரைக் காசிலும் பழக்கத்திலும் அறிந்தவர்கள். அவர்கள் வாய்திறந்தால் அந்த மனிதருக்கு ஒரு வரலாறு கிடைத்துவிடும்.

பிணை நிற்பதன் உயர்வை உணர்த்த இன்னொரு நிகழ்ச்சி. ஒருவருடைய ஜனாஸா தொழுகைக்காகக் கொண்டுவரப்பட்டது. அவர் கடன் ஏதும் வைத்திருக்கிறாரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். உண்டு என்றார்கள். அடைக்க ஏதேனும் விட்டுச் சென்றாரா என்றதற்கு, இல்லை என்றார்கள். அப்படியானால் நீங்களே தொழுகை நடத்திக்கொள்ளுங்கள் என்று பெருமானார் ஒதுங்கிவிட்டார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள், அக்கடன் என் பொறுப்பு என்றார்கள். பெருமானார் முன்வந்து தொழுகை நடத்தினார்கள். ஒரு மனிதர் இறந்த பின்பும் அவருக்காகப் பொறுப்பேற்க ஒரு தோழர் இருந்தார். உயிரோடு உழைத்துக்கொண்டிருப்பவருக்கு ஓர் ஐயாயிரம் ரூபாய்க்குப் பொறுப்பேற்க நம்மில் ஒருவர் இல்லையா?

இவர்கள் யாரென்றே தெரியாதே, நாளை ஓடிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சமே. ஆனால் தமிழக முஸ்லிம்களாகிய நாம் இக்கேள்வியைக் கேட்கும்போது சற்றே நாணமும் கொள்ள வேண்டும். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் யாரால் எழுப்பப்பட்டவை? நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்றவர்களால் அல்லவா? அங்கு இறங்கியவருக்கு முதலில் சென்று சேர இடமிருந்தது. ஊர்க்காரர் ஒருவர் தம் கடையில் படுக்க இடம் கொடுத்தார். அவர் சொல்லே பிணையாக நின்றது. 1970-களில் வளைகுடா வாசல் திறந்தபோது, மனைவியின் நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டிச் சென்றவர்களின் பிள்ளைகள் இன்று நம் ஜமாஅத்துகளில் பொறுப்பிலிருக்கிறார்கள். பூந்தமல்லிப் பெரிய பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1653-இல், கோல்கொண்டா ஆட்சியின்போது, மீர் ஜும்லாவின் நிருவாகக் காலத்தில் எழுந்தது அது. அந்த மீர் ஜும்லா ஈரானின் அர்திஸ்தானில் எண்ணெய் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, வைர வணிகரிடம் கணக்கெழுதும் பணியில் சேர்ந்து பிழைப்புத் தேடிக் கோல்கொண்டா வந்தவர். நாம் தொழுகின்ற சுவர்களே வந்தேறி ஒருவரின் காலத்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. அரசு மறுத்தது, பீஹாரிலிருந்து அலுவலர் குழுவும் வந்து பார்த்துச் சென்றது. ஆயினும் அச்சத்தால் பலர் மூட்டை கட்டினர். நேரில் பேசிப் பழகிய உள்ளூர் நண்பர் ஒருவர் ஒவ்வோர் அறைக்கும் இருந்திருப்பின், ஒரு பொய் இவ்வளவு தூரம் ஓடியிராது. 2025-இல் பல மாநிலங்களில், வங்கமொழி பேசியதாலேயே தொழிலாளர்கள் ஐயத்தின்பேரில் பிடித்து வைக்கப்பட்டனர். அத்தகைய வேளையில், இவர் இத்தனை நாளாக இன்ன தெருவில் வசிக்கிறார், இன்னாரிடம் வேலை செய்கிறார் என்று சொல்ல வல்லவர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய துணை!

வந்தவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். பெரும்பாலோர் ஹிந்துச் சகோதரர்கள். உதவி முஸ்லிமுக்கு மட்டுமா என்று கேட்பவர்களுக்கு, ஜக்காத்தின் சட்டம் வேறு, பொதுவான தர்மமும் அண்டை வீட்டார் உரிமையும் வேறு என்பதை நினைவூட்டுவோம். ஹிஜ்ரத்தின்போது அண்ணலாருக்குப் பாலைவழி காட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அன்று முஸ்லிமாக இருக்கவில்லை. அண்ணலார் மறைந்தபோது அவர்களுடைய போர்க்கவசம், வீட்டாருக்காக வாங்கிய கோதுமையின் கடனுக்கு ஈடாக ஒரு யூதரிடம் இருந்தது, வாற்கோதுமை அது. கொடுக்கல் வாங்கலில் மார்க்க வேற்றுமை குறுக்கே நின்றதில்லை.

வேலை தேடுவோரை வளைக்கும் புதிய கேடு ஒன்றைத் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. உன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, அட்டையையும் கைபேசிச் சிம்மையும் எங்களிடம் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று சிலர் வருகிறார்கள். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கின் வழியாகப் பாய்கிறது. காவல்துறை வந்தால் பிடிபடுவது கணக்கின் உரிமையாளரே. வேலை வாங்கித் தருவதாகப் பதிவுக் கட்டணம் கேட்போரும் இதே இனம். மாதக் கடைசியில் கையில் காசில்லாத இளைஞனுக்கு இது எளிய வருமானமாகத் தோன்றும். தன் பெயரே ஓர் அமானிதம் என்று அவனுக்கு அவன் மொழியில் எடுத்துரைக்க வேண்டும். பூந்தமல்லி வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்கள் உண்டே; இந்தப் பணியை அவர்களைவிட யார் நன்கு செய்ய முடியும்?

வேலையில் சேர்ந்தவருக்கும் சில செய்திகள் தெரிய வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்குத் தம் கூலியிலிருந்து 12 சதவீதம் பிடிக்கப்படுகிறதா, அவ்வளவே முதலாளி தரப்பிலும் சேர்கிறதா, 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். எனும் பொது எண் தமக்குத் தரப்பட்டதா என்று அவர் கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் புதிய எண் வாங்கினால் பழைய சேமிப்பு சிதறிவிடும். ஓர் எண்ணையே தொடர்ந்து காட்டினால் அவர் எங்கே சென்றாலும் அது பின்தொடரும். கூலிக்கு ஆளமர்த்தி வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக இறைவன் அறிவித்துள்ளதை ஹதீஸ் நூல்கள் காட்டுகின்றன. நம்மவர்களில் பட்டறை வைத்திருப்போரும் ஒப்பந்தம் எடுப்போரும் இருக்கிறார்கள். அவர்களை நோக்கியும் இதைச் சொல்லியாக வேண்டும். மேஸ்திரிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

ஜமாஅத் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் தீட்ட வேண்டாம். ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஒரு மேசை, தமிழும் உருதுவும் அறிந்த இருவர், ஒரு பதிவேடு. வந்தவரின் பெயர், ஊர், தங்குமிடம், வேலை செய்யுமிடம், அவரை அறிந்த உள்ளூரார் ஒருவர் ஆகியவை குறிக்கப்படட்டும். வங்கிக்குக் கூடச் செல்ல வாரத்திற்கு ஒரு நாள், ஓய்வுபெற்ற அரசு ஊழியரோ வங்கி ஊழியரோ ஒருவர் முன்வரலாம். அத்தகையோர் இல்லாத ஜமாஅத்தும் உண்டா? ஆள் தேவைப்படும் பட்டறைக்காரர் அந்த மேசையில் வந்து சொல்லிவிட்டுப் போகட்டும். யாசிக்க வந்த அன்சாரி ஒருவரின் கம்பளத்தையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் திரட்டி, ஒன்றில் உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, அக்கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பூட்டி விறகு வெட்ட அனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார். சென்னீர்குப்பத்தில் ஒரு கொத்தனாரின் கரண்டியும் ரசமட்டமும், ஒரு தையல்காரரின் பழைய இயந்திரமும் அந்தக் கோடரிக்குச் சமம்.

அழகிய கடனுக்கென ஒரு சிறு நிதி வைக்கலாம். 5,000 ரூபாயை மேலெல்லையாகக் கொண்டு, முதற் கூலி வரும்வரை தாங்கும் அளவில் அது இருந்தால் போதும். இரண்டு செய்திகளில் மட்டும் கண்டிப்பு வேண்டும். நிதி நன்கொடையாகவே திரட்டப்பட வேண்டும். திருப்பித் தருவதாகச் சொல்லி மக்களிடம் வைப்புத் தொகை வாங்கப் புகுந்தால், ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். இலாபம் தருவதாகவும் ஒருபோதும் சொல்லலாகாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டி 2019 ஜூனில் கவிழ்ந்ததை மறப்பதற்கில்லை. தொழுகையாளிகளின் நம்பிக்கையே அங்கு விற்பனைப் பண்டமாயிற்று. கொடுக்கும் கடன் ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும், இரண்டு சாட்சிகளோடு, அவருக்குப் புரியும் மொழியில், ஒரு படி அவர் கையில். உண்மையிலேயே முடியாதவருக்குத் தவணை நீட்டப்பட வேண்டும், தள்ளுபடியும் செய்யப்படலாம். முடிந்திருந்தும் இழுத்தடிப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம். வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநீதி என்பதும் மார்க்கமே.

ரமலானில் ஊருக்குப் பணம் அனுப்பும் நெருக்கடி இவர்களுக்கு மிகுதி. தண்டல்காரர்களும் அந்த மாதத்தையே எதிர்பார்த்திருப்பார்கள். ஷஃபான் பிறக்குமுன் மேசை போடப்பட்டுவிட்டால், முதல் பத்து இருபது பேருடைய கணக்குகளேனும் பெருநாளுக்குள் உயிர்பெற்றுவிடும். உருது அறிந்த இருவரின் பெயரை எழுதிப் பள்ளிவாசல் பலகையில் இந்த வெள்ளிக்கிழமையே ஒட்டிவிடலாம்.